தண்ணீர் நிற்காத குளம்

சிரம்பானை ஒட்டிய செண்டாயான் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் வீடுகளில் இப்போது வாசலுக்கு வாசல் தண்ணீர்த் தோட்டம் வைக்கிறார்கள். காலையில் குழி தோண்டி, கறுப்பு விரிப்பை விரித்து, மோட்டாரைப் போட்டால் சாயங்காலம் அல்லி மிதக்கிறது. நான் வேலை பார்த்த நர்சரிப் பிள்ளைகள்தான் இதைச் செய்து கொடுக்கிறார்கள். நான் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும், தாமரை வைக்கிற நாளில் மட்டும் கார் அனுப்பி என்னைக் கூட்டிப்போவார்கள்.

போன மாதம் ஒரு வீட்டில், வழக்கம்போல் குளத்துக்குள் எட்டிப் பார்க்காமல் வெளிப்பக்கமாகச் சுற்றிப் புல்லுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் ஈரம் தட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நர்சரியில் மேற்பார்வை பார்க்கும் சுமதி வந்தாள்.

"என்னாம்மா, ஒழுகுதா? அடைச்சிரலாம்லா. ஏன் உக்காந்துட்டீங்க?"

"கொஞ்சம் இரும்மா."

"நீங்க எப்பவுமே இப்படித்தானாம். ஒழுகலைக் கண்டா ஒடனே அடைக்க வுட மாட்டீங்களாம். பழைய ஆளுங்க சொல்லிச் சிரிப்பாங்க. ஏம்மா அப்படி?"

நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. இந்த வயதிலும் அப்படித்தான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் சுமதிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

சிரம்பானில் எத்தனையோ வீடுகளில் குளம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். சிமெண்டு வந்தது, பிறகு விரிப்பு வந்தது. ஆனால் தொழில் முழுவதும் நான் ஒரே குளத்தில்தான் கற்றேன். அது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், மம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவின் முன்னால் வெட்டிய குளம். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அம்மா ஜப்பான் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா தோட்டத்துக் கொசு எண்ணெய்க்காரர். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஓடை, கால்வாய், மாட்டுக் குளம்புத் தடம் என்று தண்ணீர் தேங்குகிற இடத்திலெல்லாம் எண்ணெய் அடிப்பார். எண்ணெய்க்கு அடங்காத சதுப்பில் மூங்கில் குழாய் புதைத்து, தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் வடிய வைப்பார். தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி ஒரு சிரட்டைத் தண்ணீர் நிற்க விடமாட்டார். மழை விட்டதும் பிள்ளைகள் வாய்க்காலில் மண்ணணை கட்டி விளையாடினால் வந்து காலால் உடைத்துவிட்டுப் போவார். "நிக்கிற தண்ணி ஆளக் கொல்லும். ஓடுற தண்ணி அது பாட்டுக்குப் போயிரும்" என்பார்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் எண்ணெய் நின்றது. அரிசியும் நின்றது. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம். பிறகு லாரி வர ஆரம்பித்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று சொல்லி ஆண்களை ஏற்றினார்கள். முதல் லாரியில் போனவர்களைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. இரண்டாவது லாரிக்குப் பெயர் எழுதியபோது அப்பாவின் பெயர் இருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவின் புருஷன் சின்னச்சாமி அண்ணன் பெயரும் இருந்தது.

அந்த வாரம்தான் பங்களாவுக்குப் புதிதாக ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். வந்ததும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டு, முன் வாசலில் தாமரைக் குளம் வேண்டும், தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஆள் யார் என்று கேட்டாராம். தண்ணீர் என்றால் அப்பாதான். மண் வெட்டுவதில் சின்னச்சாமி அண்ணனை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு பெயரையும் கிராணி சொல்லிவிட்டார். லயத்துக்கு வந்து, "குளம் முடியிற வரைக்கும் ஒங்க ரெண்டு பேருக்கும் லாரி இல்ல" என்றார். முடிந்த பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நான் எனக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வேலையைச் சுத்தமாகச் செய்துகொடுத்தால், அப்பாவைக் குளத்துக்குத் தோட்டக்காரராக வைத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நல்ல வேலைக்காரனைத் துரை விடமாட்டார். அதைப் பார்த்து வளர்ந்த புத்தி அது.

அந்த அதிகாரியை நாங்கள் குச்சித்துரை என்போம். முடிச்சுக்கு முடிச்சு கீறிய ஒரு மூங்கில் குச்சி எப்போதும் அவர் கையில் இருக்கும். அதை வைத்து யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அளப்பார், அவ்வளவுதான். மற்ற ஜப்பான்காரர்கள் கன்னத்தில் அறைந்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். இவர் குரல் உயர்ந்ததே இல்லை. சேற்றில் இறங்குமுன் பூட்ஸைக் கழற்றி, நுனி வெளியே பார்க்கும்படி ஜோடியாக வைப்பார். காற்சட்டையை மடித்துக்கொண்டு எங்களோடு முழங்கால் சேற்றில் நிற்பார். பிடிக்கவில்லை என்றால் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார். அந்தச் சத்தம் கேட்டால் செய்ததைக் கலைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஒரு பாறையை ஒரு காலை நேரம் முழுவதும் இப்படியும் அப்படியும் நகர்த்த வைத்தார். கடைசியில் அது முதலில் கிடந்த இடத்துக்கே வந்தது. அதன் முன்னால் நின்று தலையைக் குனிந்தார்.

"கல்லுக்குக் கும்புடு போடுறாரு. கல்லெல்லாம் சோறு கேக்காதுல்ல" என்றார் பொன்னம்மாக்கா.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பிடித்திருந்தது.

குளத்தின் வடிவம் படுக்க வைத்த சுரைக்காய் மாதிரி. நடுவில் இடுப்பளவு ஆழம். ஓரத்தில் சுற்றிலும் ஒரு சாண் அகலப் படி விட்டு, அதில் கோரையும் சேம்பும் வைப்பதற்கு இடம். மலைத் தண்ணீர் வருகிற குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து மேல்பக்கம் விட்டோம். கீழ்ப்பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை.

இப்போது விரிப்பு செய்கிற வேலையை அப்போது களிமண் செய்தது. ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய லம்பத்துப் பள்ளத்திலிருந்து வெளுத்த களிமண்ணைக் கூடையில் சுமந்து வந்தோம். கல், வேர் ஒன்றும் இல்லாமல் பொறுக்கி, ஒரு நாள் ஊறப்போட்டு, நாலு விரல் கனத்துக்குப் பரப்பி மிதிக்க வேண்டும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதிப்போம். குதிகாலை அழுத்தித் திருப்ப வேண்டும். விரலால் மிதித்தால் மண் பிதுங்கும், இறுகாது. ஒரு அடுக்கு இறுகிய பிறகு அடுத்த அடுக்கு. நடுவில் வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைப்போம். தண்ணீர் விடும்போதும் நேராக விடக்கூடாது. ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் விழ விட வேண்டும். இல்லாவிட்டால் மிதித்த மண்ணைத் தண்ணீரே தோண்டிவிடும்.

நான்தான் நன்றாக மிதிப்பேன் என்று குச்சித்துரை கண்டுகொண்டார். மிதிப்பது குளத்தின் முனைப்பக்கம் வந்தால் குச்சியால் என்னைக் காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய் மிதிப்பேன்.

குளம் நிறைந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு சாண் குறைந்திருந்தது. ஓரத்துப் படி காய்ந்து கிடந்தது.

குச்சித்துரை பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி மிதித்தோம். மறுபடி நிரப்பினோம். மறுபடி ஒரு சாண். இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. அதற்குள் இரண்டாவது லாரி போனது, மூன்றாவதும் போனது. அப்பாவும் சின்னச்சாமி அண்ணனும் குளத்தில் இருந்தார்கள்.

"புது மண்ணு, குடிக்கும். குடிக்கட்டும்" என்பார் அப்பா. அவர் மூங்கில் புதைத்த சதுப்புகள் ஒரே மழையில் வடிந்ததைப் பார்த்தவள் நான். தண்ணீர் அவர் சொன்னால் கேட்கும். இந்தக் குளம் மட்டும் கேட்கவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது. பொன்னம்மாக்கா வேறு, கிராணி பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் உரக்கச் சொல்வார்:

"எண்ணெய் ஊத்துறவருகிட்ட போயி கொளம் வெட்டச் சொன்னா இப்படித்தான். தண்ணிய வெரட்டத்தான் தெரியும், தங்கவைக்கத் தெரியுமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் முட்டும்.

ஒரு நாள் கிராணி அப்பாவிடம், "இந்தத் தடவையும் தண்ணி நிக்கலன்னா எனக்குத் தெரியாதுப்பா. அந்தாளு சத்தம் போடாம இருக்கிறதே எனக்குப் பயமா இருக்கு" என்றார். நான் சாக்கு நனைத்துக்கொண்டே கேட்டேன். அந்தத் தடவை குதிகால் வலிக்க வலிக்க மிதித்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, தாமரைக் கிழங்கு கொண்டுவர அப்பாவையும் சின்னச்சாமி அண்ணனையும் மாட்டு வண்டியில் மந்தினுக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய லம்பக் குட்டையில் சீனர்கள் தாமரை வளர்த்தார்கள். போனால் மறுநாள்தான் திரும்ப முடியும்.

அன்று காலை நான் தனியாகக் குளத்தைச் சுற்றினேன். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் நாங்கள் மிதித்த மண்தான். வெளிப்பக்கம் சரிவில் இறங்கினேன். அங்கே அப்பா கொஞ்சம் கங்கோங் கீரை நட்டிருந்தார். லயத்துப் பெண்கள் வேலை முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு பிடி பறித்துக்கொண்டு போவார்கள். மழையே இல்லாத நாள் அது. மேட்டிலிருந்த புல்லெல்லாம் வதங்கிக் கிடந்தது. கீரை மட்டும் தளதளவென்று நின்றது.

புல்லுக்குள் கையை விட்டேன். கல்லிடுக்கிலிருந்து விரலில் சில்லென்று தண்ணீர் பட்டது.

மூன்று கூடை களிமண் சுமந்தேன். ஊறவைத்து, கல் பொறுக்கி, ஒவ்வொரு பிடியாக அந்த இடுக்கில் திணித்துக் குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதித்தேன். மேலே ஒரு பாறைத் துண்டை உருட்டி வைத்தேன். மத்தியானத்துக்குள் கசிவு நின்றது. இவ்வளவு மாதமாக யாருக்கும் அகப்படாதது எனக்கு அகப்பட்டுவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை குச்சித்துரை நீர் மட்டம் பார்க்கக் குளத்தில் நட்டிருந்த குச்சியின் முன் குந்தி உட்கார்ந்தார். முந்தின சாயங்காலம் நிரப்பிய தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அந்தக் கோட்டை ஒரு விரலால் தொட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கிராணியிடம் ஏதோ கேட்டார்.

"யாரு அடைச்சதுன்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

பொன்னம்மாக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. நான் வாயைத் திறந்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில், "நாந்தாங்க" என்றேன். பிறந்ததிலிருந்து அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

குச்சித்துரை எழுந்து எனக்குத் தலை குனிந்தார். பாறைக்குக் குனிந்தாரே, அதே மாதிரி. "பாகுஸ்" என்று மலாய் மொழியில் சொன்னார். நல்லது என்று அர்த்தம். சமையல்காரனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு சிரட்டை அரிசிச் சோறு கொடுக்கச் சொன்னார். நான் தின்னாமல் அப்பாவுக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பொழுது சாய்வதற்கு முன் வண்டி வந்தது. ஈரச் சாக்கில் கிழங்குகளைத் தூக்கிக்கொண்டு அப்பா வந்தார். நீர்க் குச்சியைப் பார்த்தார். சரிவைத் திரும்பிப் பார்த்தார். சின்னச்சாமி அண்ணன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யாரும்மா அடைச்சது?"

"நாந்தாம்பா. கீரைக்குப் பக்கத்துல ஒழுகிச்சு."

அப்பா என் தலையில் கையை வைத்தார். கை கனத்தது. "நல்லா மிதிச்சிருக்க" என்றார். சோற்றை இரண்டு பங்காக்கி, பெரிய பங்கை என்னிடமே தந்தார்.

அந்த வெளிச்சத்திலேயே தாமரை வைத்தோம். அப்பா அவசரப்படவில்லை. ஓட்டை போட்ட ரப்பர்ப் பால் வாளியில் குட்டைச் சேற்றை நிரப்பி, முளைவிட்டிருந்த கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்தார். முனை ஒடிந்தால் கிழங்கு அழுகிவிடும், அதனால் முனையை மண்ணால் மூடாமல் நடுவைப் பார்த்து விட்டார். மிதக்காமல் இருக்க மேலே ஒரு கூழாங்கல்லும், தண்ணீர் கலங்காமல் இருக்க ஒரு பிடி ஆற்று மணலும் போட்டார். முதலில் வாளியைப் படியில் வைக்க வேண்டும். இலை மேலே வர வர ஆழத்துக்கு இறக்க வேண்டும். இன்றைக்கும் நான் அப்படித்தான் வைக்கிறேன். சுமதியும் அப்படித்தான் வைக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை லாரி வந்தது. கிராணி பெயர் படித்தார். முதல் பெயர் அப்பா. இரண்டாவது சின்னச்சாமி அண்ணன்.

நான் பங்களாவுக்கு ஓடினேன். குச்சித்துரை குளத்தங்கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்கு மேல் வந்திருந்த முதல் தாமரை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டிய வெற்றிலை மாதிரி இருந்தது அது. எனக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னேன். லாரிப் பக்கம் கையைக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. குச்சியால் குளத்தைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார், மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னார். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த கிராணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"கொளத்துக்கு ஒரு ஆளு போதுமாம். நீ போதுமாம்."

லாரி இருக்கிற இடத்துக்கு எப்படி வந்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அப்பா மேலே நின்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "கீரைக்குத் தண்ணி ஊத்தும்மா. இனிமே அதுக்குத் தானா வராது."

ஊற்றினேன். ஒரு நாள் தவறாமல் ஊற்றினேன். தாமரை பூத்தது. குச்சித்துரை மாறிப் போனார், வேறு ஒருவர் வந்தார், குளம் இருந்தது. கொசுவும் வந்தது. லயத்தில் காய்ச்சல் வந்தது, மருந்து இல்லை. வாய்க்காலிலிருந்து சின்ன மீன் பிடித்துக் குளத்தில் விட்டேன், கொசுப்புழுவில் அது தின்றது போக மிச்சம் எங்களைத் தின்றது. பொன்னம்மாக்கா தன் கிழங்கில் பாதியை எனக்குக் கொடுத்தார். நான் காய்ச்சலில் கிடந்தபோது என்னைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினார்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சில பேர் எலும்பாகத் திரும்பினார்கள். அப்பா வரவில்லை. சின்னச்சாமி அண்ணனும் வரவில்லை.

புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை முதல் வாரமே, பங்களா முன்னால் தேங்கின தண்ணீரா என்று சத்தம் போட்டுக் குளத்தை உடைக்கச் சொன்னார். வேலை வாங்கும் மண்டோர் என்னையும் பொன்னம்மாக்காவையும் அனுப்பினார். எங்கே உடைப்பது என்று எனக்குத் தெரியும். நான் அடைத்த இடம்தான் கரையில் இளைத்த இடம். பாறைத் துண்டைப் புரட்டிவிட்டு மண்வெட்டியால் களிமண்ணைப் பெயர்த்தேன். கல்லை எடுத்தேன்.

கல்லுக்குப் பின்னால் ஒரு மூங்கில் இருந்தது.

விரல் கனம். கணுவெல்லாம் உள்ளே குத்தி நீக்கியிருந்தது. கரைக்குள் குளத்தின் அடிவரைக்கும் நேராகப் போயிருந்தது. வாயில் ஒரு கயிறு கட்டி, கயிற்று நுனியில் செதுக்கிய ஒரு மர ஆப்பு தொங்கியது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். எண்ணெய் டின்னைத் தோளில் கட்ட அப்பா போடுகிற முடிச்சு. ஆப்பைச் சுற்றியிருந்த துணி என் பழைய பாவாடைக் கிழிசல். காலையில் ஆப்பைச் சொருகி, வேலை விட்டு வரும்போது உருவிவிட்டு வர, யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

நான் பொன்னம்மாக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மூங்கிலைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"மிதிச்ச பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும். அந்த எடத்துல மட்டும் ஒன்ன மிதிக்க வுட்டதில்ல."

"அப்ப அன்னைக்கெல்லாம் அப்பாவக் கேலி பண்ணுனது?"

"கிராணி நம்பணுமில்ல. கொளம் வெட்டத் தெரியாத ஆளுன்னு நம்புனாத்தானே வேல இழுக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கப்பாதான் வேணாம்னாரு. எம் மவளுக்குப் பொய் வராது, கிராணி நிமிந்து பாத்தாலே மூஞ்சி சொல்லிரும்னாரு. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். நீ கூடையத் தூக்கிட்டுப் போனதப் பாத்தேன். செடி வைக்கப் போறன்னு நெனைச்சிட்டேன் புள்ள."

அவர் புருஷன் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை நாள் நான் தின்றது அவர் கையால் வாங்கிய கிழங்கு.

மேலே கரையில் நின்ற மண்டோர் கத்தினார். "அங்க என்னா புள்ள உக்காந்துட்ட? தண்ணி போவுதா?"

மூங்கில் வாயிலிருந்து அது என் காலைத் தாண்டி, காய்ந்த மண்ணில் வழி பிடித்து, கீரை வேருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"போவுதுங்க" என்றேன்.